தெருவிலேயே சுத்தமான பெயர்

எங்கள் ஊர் பெட்ரா மான்சாவில் சுல்மிராவை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடாத வீடு அவள் தெருவில் ஒன்றுகூட இல்லை. பாதிக் குழந்தைகளுக்கு அவள்தான் ஞானத்தாய். கல்யாணமென்றால் முதல் வரிசையில் நாற்காலி. பன்றி வறுத்தால், எல்லோரும் கண் வைத்திருக்கும் அந்த மொறுமொறுப்பான தோல் அவள் தட்டில்தான் வந்து விழும். அவள் ஒன்றும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள் அல்ல. பாடத் தெரியாது, ஆடத் தெரியாது, யாருக்கும் அள்ளிக் கொடுக்கிற கையும் கிடையாது. பிறகு ஏன் இத்தனை உபசாரம் என்றால், கடன் பதிவேட்டில் கறைபடாத பெயர் அந்தத் தெருவில் அவளுடையது ஒன்றுதான்.

மற்றவர்கள் பெயரெல்லாம் அழுக்கு. தவணை கட்டாதவனை எங்கள் பக்கத்தில் யாரும் சிறையில் போடுவதில்லை. பெயரைக் குறித்து வைத்துக்கொள்வதோடு சரி. அதன் பிறகு அந்த ஆள் ஒரு மிக்ஸிகூடத் தவணையில் வாங்க முடியாது. கடைப்பெண் வரி எண்ணைத் தட்டிப் பார்ப்பாள். துக்க வீட்டில் பேசுகிற குரலில், "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குதுங்க" என்பாள். வந்தவரும் பெரிதாக வருத்தப்பட மாட்டார். நேரே சுல்மிரா வீட்டுக்கு வந்து அவள் பெயரை இரவல் கேட்பார். அரை டம்ளர் சர்க்கரை கேட்பதுபோலத்தான். கட்டில், தையல் மெஷின், பக்கத்து வீட்டு இரசெமாவின் மகளுக்குச் சீராக வந்த குளிர்பெட்டி என்று அந்தத் தெருவில் புதிதாகப் பளபளப்பது எதுவானாலும் காகிதத்தில் அது சுல்மிராவுடையதுதான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பெயரைக் கொடுத்துவிடவில்லை. மாதம் பிறந்ததும் வீடு வீடாகப் போய், "கட்டியாச்சா?" என்று கேட்டு, ரசீதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். எல்லோரும் காட்டினார்கள், ஒருவனைத் தவிர. அவன் அவள் கணவனின் தம்பி ஜுராந்திர்.

ஜுராந்திருக்கு ஒரு பழைய கார். அதன் கூரைமேல் ஒலிபெருக்கி. கடைத் தள்ளுபடியிலிருந்து காணாமல் போன நாய்வரை எல்லாவற்றையும் ஊருக்கு அறிவிப்பவன் அவன்தான். காலையில் சாவு சொல்லிக்கொண்டு போன அதே தெருவில் மாலையில் சர்க்கஸ் சொல்லிக்கொண்டு வருவான். அவனுடைய நான்கு பெரிய புது ஒலிபெருக்கிகளும் சுல்மிரா பெயரில் வாங்கியவை. "கட்டியாச்சா?" என்று கேட்டால் நெஞ்சில் கை வைத்துக்கொள்வான்.

"மனசுல இருக்கு அண்ணி. இதைப் போய் நீங்க கேக்கணுமா?"

கணவனின் தம்பி. அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. கணவன் அதால்தோ மாதத்தில் பாதி நாள் லாரியில் இருப்பவன். "அவன் கட்டிடுவான், விடு" என்று தொலைபேசியிலேயே சான்றிதழ் கொடுத்துவிடுவான். அவனுடைய பெயரும் அழுக்குதான். அழுக்கர்களுக்குள் நம்பிக்கை அதிகம்.

சுல்மிராவின் தொழில் கொஷின்யா. கோழிக்கறியை மாவுக்குள் வைத்து, கண்ணீர்த் துளி மாதிரி உருட்டிப் பொரித்து, தட்டுத் தட்டாகத் துணி போட்டு மூடி, பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விற்பாள். மழை வந்தால் தட்டோடு ஓடுவாள், நகராட்சி ஆள் வந்தாலும் தட்டோடு ஓடுவாள். அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றுதான்: சந்தை வாசலில் இருக்கும் மூலைக்கடை. கூரை, குழாய், கதவுக்கு ஒரு பூட்டு. அங்கே கடை போட்டிருந்த கிழவர் மகள் வீட்டோடு போய்விட முடிவுசெய்ததும், இடத்தின் சொந்தக்காரர் அஜெனோரிடம் முதலில் போய் நின்றவள் சுல்மிரா. முன்பணத்தைப் பொரித்துப் பொரித்தே சேர்த்து வைத்திருந்தாள்.

"உனக்குக் குடுக்காம வேற யாருக்கும்மா?" என்றபடியே அஜெனோர் கணினியில் அவள் வரி எண்ணைத் தட்டினார். அவர் முகம் மாறியது. கடைசியில் அவளும் அந்தத் துக்க வீட்டுக் குரலைக் கேட்டாள்.

"சுல்மிரா… உன் பேரு அழுக்குன்னு வருதேம்மா."

"யார் பேரு?"

"உன் பேருதான். மனாஸ்ல ஒரு டெலிபோன் கம்பெனிக்குப் பாக்கி. மூணு லைன்."

"மனாஸா? படகுல போற ஊரு அது. எனக்குக் குளத்தைப் பாத்தாலே தலை சுத்தும். என்கிட்ட இருக்கற ஒரு போனையே எடுத்துப் பேச நேரமில்ல, மூணு லைனை வச்சு நான் யார்கூடப் பேசுறது?"

அஜெனோர் நல்ல மனிதர். அதாவது, நல்லவராக இருப்பதில் செலவில்லாத வரைக்கும் நல்லவர். "சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் கடையை வச்சிருக்கேன். ஆனா ரொம்ப இழுக்காதே. செல்போன் உறை விக்கிற ஆள் ஒருத்தன் தினமும் வந்து நிக்கிறான்" என்றார்.

சுல்மிரா அந்தக் கம்பெனிக்குத் தொலைபேசி போட்டாள். ஒரு இயந்திரம் இனிமையாகப் பேசியது. பில்லில் தவறு என்றால் அந்த இணைப்பின் ரகசிய எண்ணை அழுத்தச் சொன்னது.

"நான் வாங்காத லைனோட ரகசிய எண் எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று அவள் இயந்திரத்தையே கேட்டாள். எண் தவறு என்றது இயந்திரம். பணம் கட்டுவதானால் மட்டும் எந்த எண்ணும் தேவையில்லையாம். பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய நிறுவனத்துக்குப் போட்டால், நாங்கள் கம்பெனிகள் சொல்வதை எழுதிக்கொள்கிறவர்கள் மட்டுமே, அவர்களிடமே பேசுங்கள் என்றார்கள். முன்னறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டாமா? அனுப்பினார்களாம். மனாஸுக்கு.

செய்தி தெருவுக்கு வந்து சேர யாருடைய ஒலிபெருக்கியும் தேவைப்படவில்லை. சோபா எடுக்க நாள் பார்த்து வைத்திருந்த இரசெமா முதலில் வந்தாள். "அய்யோ, உனக்குப் போயா இப்படி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டவள், அடுத்த மூச்சிலேயே, "எப்பச் சரியாகும்? ஒரே வெலையில சோபாவை எத்தனை நாள் வச்சிருப்பாங்க?" என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சுல்மிராவை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. இரண்டு வீடு தள்ளிப் பன்றி வறுக்கும் வாசம் மட்டும் அழைக்காமலே வந்தது.

வக்கீலிடம் போகலாம் என்ற யோசனையை ஜுராந்திர்தான் கொண்டுவந்தான்.

"இது கஷ்டமில்ல அண்ணி, அதிர்ஷ்டம். செய்யாத கடனுக்குப் பேரைக் கெடுத்தா மானநஷ்டம். கோர்ட்டே பணம் வாங்கிக் குடுக்கும். நம்ம டாக்டர் எவிலாசியோ இருக்காரு, அவர் ஆபீசுக்கு நான்தான் விளம்பரம் பண்றேன்."

எங்கள் ஊரில் வக்கீலும் டாக்டர்தான். பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குச் சட்டைப்பை இளைத்துவிடுவதால் அந்தப் பட்டம் பொருத்தம்தான். எவிலாசியோவின் அலுவலகம் மருந்துக்கடை மாடியில் இருந்தது. 'பெயர் அழுக்கா? உள்ளே வாருங்கள்' என்று பலகை. படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒருவர்மீது செத்துப்போன தம்பியின் கடன் ஏறியிருந்தது, ஒருத்தி கட்டி முடித்த அடுப்புக்காக இன்னும் கடன்காரியாக இருந்தாள். எல்லோரும் கையில் கடுதாசிப் பையை வைத்துக்கொண்டு, எலும்பு முறிந்தவர்கள்போலப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் அவளைக் கண்டதும் பூரித்துப்போனார்.

"அருமை! ரொம்ப அருமையான கேஸ் அம்மா. எத்தனை ராத்திரி தூக்கம் வரல?"

"நல்லாத்தான் தூங்கினேன். விடியக்காலையில மாவு பிசையணுமே."

"இனிமே தூங்காதீங்க. அழுதீங்களா?"

"வெங்காயம் நறுக்குறப்ப."

"அழுதீங்க, அது போதும். வெங்காயத்தை நாம கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம்." குறித்துக்கொண்டே போனவர் சட்டென்று பேனாவை நிறுத்தினார். "ஒண்ணே ஒண்ணு. உங்க பேர்ல உண்மையான பாக்கி வேற ஏதாவது உண்டா? இதுக்கு முந்தின பாக்கி? அப்படி இருந்தா மானநஷ்டம் கிடையாது. கேஸ் படுத்துடும்."

"நான் வாங்கினது எல்லாம் கட்டிட்டேன்."

"பேரை யாருக்காவது இரவல் குடுத்திருக்கீங்களா?"

தெரு மொத்தத்துக்கும் கொடுத்திருந்தாள். எல்லோருடைய ரசீதையும் பார்த்தும் இருந்தாள். அவள் ரசீது பார்க்காத அந்த ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, டாக்டரின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தான்.

"ஜுராந்திர், ஒலிபெருக்கித் தவணை?"

"அண்ணி!" அவன் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். விஷயம் அவ்வளவு பெரிது. "எங்கம்மா மேல சத்தியமா மனசுல இருக்கு."

டாக்டரும் தன் பங்குக்குக் கணினியில் பார்த்துவிட்டு, "மனாஸ் மட்டும்தான் வருது. சுத்தம்!" என்றார். சுல்மிராவுக்கு நெஞ்சு லேசானது. மனத்தில் இருப்பதும் கட்டியதும் ஒன்றல்ல என்பது மற்ற எவரிடமும் அவளுக்கு மறந்திருக்காது. வீட்டு ஆளிடம் மறந்துபோனது.

விசாரணை நாளன்று தேவாலயத்துக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு போனாள். "நீலம் வேண்டாம், துக்கமா ஏதாவது" என்றார் டாக்டர். அது ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் இளம் நீதிபதியம்மாள். எதிரே டெலிபோன் கம்பெனியின் பிரதிநிதியாக, இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டு ஒரு வழுக்கைத் தலையர். அன்று காலை முதல் விசாரணையில் அவர் வங்கி. அடுத்ததில் தண்ணீர் நிறுவனம். இப்போது டெலிபோன். மூன்றுக்கும் கழுத்துப்பட்டை ஒன்றுதான். கம்பெனியின் வக்கீல் சாவோ பாவ்லோவிலிருந்து திரையில் தெரிந்தார்.

"ஒப்பந்தம் எங்கே?" என்று நீதிபதி கேட்டார்.

வழுக்கைத் தலையர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது தண்ணி கேஸோடது" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சரியான ஒப்பந்தத்தைத் திரையில் காட்டினார்கள். இணைப்பு வாங்கியபோது எடுத்ததாக ஒரு புகைப்படம் அதில் இருந்தது. அடர்ந்த மீசை வைத்த, சட்டை போடாத ஓர் ஆண்.

நீதிபதி படத்தைப் பார்த்தார். சுல்மிராவைப் பார்த்தார்.

"இவருதான் சுல்மிராவா?"

"எங்க சிஸ்டம் ஏத்துக்கிச்சு, மேடம்" என்றார் திரை வக்கீல், கொஞ்சமும் கூசாமல்.

டாக்டர் எவிலாசியோ மேசைக்கடியில் சுல்மிராவின் காலை மிதித்தார். அழுவதற்கான சமிக்ஞை அது. அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்பை அடக்கியதில் கண் கலங்கியது. டாக்டருக்கு அதுவே திருப்தி.

அப்போதுதான் திரை வக்கீல் தொண்டையைச் செருமினார். "மனாஸ் பதிவை நீக்கிடறோம் மேடம். ஆனா நஷ்ட ஈடு தர முடியாது. கடைக்காரர் சங்கத்தோட பதிவேட்டைப் பாருங்க. இந்தம்மா பேர்ல இன்னொரு பாக்கி இருக்கு. எங்களுதுக்கு ரெண்டு மாசம் முந்தினது. ஒலிபெருக்கி, பெரிய சைஸ், நாலு."

வழுக்கைத் தலையர் இருமல் மிட்டாயைக் கடித்து நொறுக்கினார்.

ஊரார் பெயரைக் குறித்து வைப்பதற்கு எங்கள் நாட்டில் ஒரு பதிவேடு அல்ல, பல பதிவேடுகள். ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. அஜெனோர் பார்த்தது ஒன்று. டாக்டர் பார்த்ததும் அதே ஒன்று. மற்றதைப் பார்க்கத் தனிக் கட்டணம், அதனால் அவர் பார்க்கவில்லை. எதிராளி கட்டணம் கட்டிப் பார்த்திருந்தான். கடைக்காரர்கள் அனுப்பிய முன்னறிவிப்போ, வாங்கும்போது ஜுராந்திர் கொடுத்த அவனுடைய முகவரிக்குப் போயிருந்தது. காரின் ஆடுகிற இருக்கைக்கு அடியில் முட்டுக்கொடுக்க அந்த உறை நன்றாகப் பயன்பட்டதாகப் பிற்பாடு அவனே சொன்னான்.

"இந்த ஒலிபெருக்கி உங்க பேர்ல வாங்கினதுதானா?" என்று நீதிபதி கேட்டார்.

சுல்மிரா பொய் சொல்லியிருக்கலாம். டாக்டர் அதற்கும் ஒருமுறை காலை மிதித்தார். "கையெழுத்து என்னுதுதான். சத்தம் வேற ஆளோடது" என்றாள்.

நீதிபதி பொறுமையாக விளக்கினார். முன்பே நியாயமான பதிவு ஒன்று இருந்தால், பின்னால் வந்த பொய்ப் பதிவால் மானம் போனதாகக் கேட்க முடியாது. பொய்ப் பதிவை நீக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

"அதாவது," என்று சுல்மிரா நிதானமாகக் கேட்டாள், "சட்டை ஏற்கெனவே அழுக்கா இருந்தா அது மேல யார் வேணும்னாலும் சேத்தை வாரி அடிக்கலாம். அப்படித்தானே அம்மா?"

"தீர்ப்புல அப்படி எழுத மாட்டோம்" என்றார் நீதிபதி. அவர் முகத்தில் ஓரளவு வெட்கம் இருந்தது. திரையில் அதுவும் இல்லை.

வாசலில் டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டே, "நீங்க என்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நீங்க ரெண்டாவது பதிவேட்டையும் பாத்திருக்கணும்."

"அதுக்குத் தனிக் கட்டணம்னு சொன்னேனே?"

"சொல்லல."

"பலகையில பின்பக்கம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த அருமையான கேஸைத் தேடிப் போனார்.

ஜுராந்திர் சந்தைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டுக் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். சுல்மிரா அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக் கீழே ஊற்றினாள்.

"கட்டலையாடா?"

"கோவப்படாதீங்க அண்ணி. அந்தக் கடைக்குத்தானே நான் தினமும் விளம்பரம் பண்றேன்? அதுல கழிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன்."

"கழிச்சுக்கச் சொல்லி அவங்ககிட்டச் சொன்னியா?"

"அதான் சொன்னேனே, மனசுல இருந்துச்சு."

இனி கணக்கு எளிது, வழிதான் இல்லை. ஒலிபெருக்கிப் பாக்கியை வட்டியோடு கட்டினால் பெயர் சுத்தமாகும், ஆனால் கடைக்குச் சேர்த்த முன்பணம் அதிலேயே கரைந்துவிடும். முன்பணத்தை வைத்துக்கொண்டால் பெயர் அழுக்காகவே இருக்கும், கடை கிடைக்காது. ஜுராந்திரிடம் கேட்டால் அவன் மனத்தைத் தவிர எதையும் எடுத்துத் தர முடியாது.

அஜெனோர் கையை விரித்தார். "திங்கக்கிழமைக்கு மேல என்னால முடியாதும்மா. வேற யார் பேர்லயாவது எழுதலாமா பாரு. வீட்டுல சுத்தமான பேரு ஒண்ணாவது இருக்காதா?" அன்று அவருக்கு இரக்கம் வந்திருந்தது, அல்லது கொஷின்யாப் பசி வந்திருந்தது. இந்தத் தடவை இரண்டு பதிவேடுகளிலும் தேடினார். கணவன் பெயர் அழுக்கு. நாத்தனார் பெயர் அழுக்கு. மாமியார் இறந்து வருடங்கள் ஆகியும் அழுக்கு. கடைசியில் ஒரு பெயரில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஜுராந்திர். சுத்தம்."

"எது?"

"ஒரு பொட்டு அழுக்கு இல்ல. ஞானஸ்நானம் பண்ண கொழந்தை மாதிரி இருக்கு."

அதிலும் மாயம் ஒன்றும் இல்லை. பழைய கறை ஐந்து வருடம் ஆனால் பதிவேட்டிலிருந்து தானாக உதிர்ந்துவிட வேண்டும் என்பது சட்டம். ஜுராந்திரின் பழைய கடன்களெல்லாம் அப்படி உதிர்ந்துபோயிருந்தன. அதற்குப் பிறகு வாங்கிய கடன்களில் ஒன்றுகூட அவன் பெயரில் இல்லை. எல்லாம் மற்றவர்கள் பெயரில்.

செய்தி அவளுக்கு முன்பாகவே தெருவுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சுல்மிரா ஜுராந்திர் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் கூட்டம். இரசெமா பெக்கிப் பழம் போட்ட சோற்றைத் தன் கையாலேயே அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள், சோபாவைப் பற்றிப் பேசிக்கொண்டே. அவன் தட்டின் நடுவில், பொன்னிறமாக, மொறுமொறுப்பாக, பன்றித்தோல்.

நின்றுகொண்டே அவன் பெயரை இரவல் கேட்டாள் சுல்மிரா. அவனிடம் உதவி என்று எதையாவது கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

ஜுராந்திர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பேருன்னா சாதாரண விஷயமில்ல. ஒருத்தன் ஆயுசு பூரா கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கறது அது. கண்டவங்களுக்கும் தூக்கிக் குடுக்க முடியுமா?"

தலையாட்டியது இரசெமா மட்டும் அல்ல, முற்றமே தலையாட்டியது.

சுல்மிராவின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சூடான சோற்றுப் பாத்திரம் இருந்தது. அதைப் பார்த்தாள். திங்கட்கிழமை வந்து நிற்கப்போகும் செல்போன் உறைக்காரனை நினைத்தாள். "நான் கண்டவ இல்லையே. உன் ஒலிபெருக்கியோட சொந்தக்காரி. வேணும்னா நாளைக்கே வந்து நாலையும் கழட்டிக்கிறேன். என் பேர்லதானே இருக்கு" என்றாள்.

அவன் மறுபடி கையில் எடுத்த பன்றித்தோல் வாய்க்குப் போகிற பாதி வழியில் நின்றது.

"மாசாமாசம் ஒழுங்கா வாடகை கட்டிடுவீங்கள்ல?" என்று கடைசியாக அவன் கேட்டான். குரல் மெலிந்திருந்தது.

"கையெழுத்துப் போட வா" என்றாள்.

கடை கிடைத்தது. கூரை, குழாய், பூட்டு எல்லாம் அவள் நினைத்த மாதிரியே. சுவரில் மாட்டிய உரிமக் காகிதத்தில் மட்டும் ஜுராந்திரின் முழுப்பெயர், எண்ணெய்ப் புகை படாத உயரத்தில். அவள்தான் அவ்வளவு உயரத்தில் மாட்டினாள். முதல் தேதி காலையில் அஜெனோர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் வாடகையைக் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மதியமே கார் வந்து நின்றது. ஜுராந்திர் இறங்கி, கூட்டம் குறைகிறவரை ஓரமாக நின்றான். முன்பெல்லாம் வந்தவுடன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறவன். இப்போது எடுக்கவில்லை.

"அண்ணி… வாடகை கட்டியாச்சா? இல்ல, சும்மா கேட்டேன். என் பேரு பாருங்க…"

சுல்மிரா கொஷின்யாவைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் சடசடத்தது. ஈரக் கையை ஏப்ரன்மேல், ரசீது இருந்த பையின்மேல், துடைத்துக்கொண்டு அந்தக் கையை அப்படியே நெஞ்சுக்குக் கொண்டுபோனாள்.

"மனசுல இருக்குப்பா. இதைப் போய் நீ கேக்கணுமா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுவரில் இருந்த காகிதத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, காரில் ஏறினான். அன்று மாலை எலும்பில்லாத மாட்டிறைச்சித் தள்ளுபடியை அவன் அறிவித்தது சந்தையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை என்று கறிக்கடைக்காரர் புகார் சொன்னார்.